பச்சைக் கார்டா சிவப்புக் கார்டா என்று கோபித்துக்கொண்ட தம்பிக்கு

ஒண்டிக்கடை,
ஏற்காடு.

அன்புத் தம்பி தௌபீக்குக்கு அக்கா அமீனா எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் மச்சானும் மகள் அஃப்சானாவும் சுகம். அங்கே நீயும் ஷிரினும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துவாச் செய்கிறேன். கோபத்தில் இருக்கிறவர்களுக்கும் அந்தத் துவா சேரும் என்றுதான் நினைக்கிறேன். இங்கே ஒரு வாரமாக மூடுபனி. எதிர்க்கடை போர்டு கண்ணுக்குத் தெரியவில்லை. டூரிஸ்ட்டுகள் வருவதில்லை, அதனால் நம் கடையில் மிளகும் காப்பித்தூளும் உன் மச்சானும் மட்டும் இருக்கிறார்கள்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று ஷிரின் கேட்பாள். வேறு என்ன செய்வது? வாட்ஸ்அப்பில் நீ என்னை பிளாக் செய்துவிட்டாய். போன் போட்டால் முழு ரிங் போவதில்லை. உன் மச்சான் போனிலிருந்து கூப்பிட்டால் எடுக்கிறாய், என் குரல் கேட்டதும் "நீங்கள் அழைத்த எண் தற்போது உபயோகத்தில் இல்லை" என்று உன் குரலிலேயே சொல்கிறாய். தபால்காரரை பிளாக் செய்யும் வசதி இன்னும் வரவில்லை, ஆகவே இந்தக் கடிதம். கிழித்துப் போடுவதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி. உன் பக்கத்து நியாயத்தை சேலம் முழுக்கச் சொல்லியிருப்பாய். என் பக்கத்தை நீ இதுவரை முழுசாகக் கேட்டதே இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். கோயமுத்தூரில் இன்டீரியர் டிசைன் படித்து முடித்த அஃப்சானாவுக்கு பெங்களூர் கம்பெனி ஒன்று வேலை தருவதாகச் சொன்னது உனக்குத் தெரியும். செம்மநத்தம் பக்கம் ஒரு எஸ்டேட்டுக்குள் புதிதாக விடுதி கட்டப்போகிறார்கள். அது கட்டுவதற்கு முன்பே, வாசலில் நுழைந்து, தோட்டத்தைச் சுற்றி, அறைக்குள் நடந்து போவதுபோல் கம்ப்யூட்டரில் ஒரு படம் செய்து அனுப்ப வேண்டும். படம் பிடித்துவிட்டால் வீட்டிலிருந்தபடியே வேலை. பிடிக்காவிட்டால் பெங்களூரில் தங்கி, ஆபீஸ் மெஷினில் செய்து பழக வேண்டும். பிள்ளை ஏற்காட்டிலேயே இருக்க ஆசைப்பட்டாள். உன் மச்சான் அவளைவிட அதிகமாக ஆசைப்பட்டார், ஆனால் வாயைத் திறந்து சொல்லாமல் தினமும் அவளுக்குப் பிடித்த பலாப்பழம் ஒன்றை வாங்கி வந்து வைத்தார். அவளுடைய பழைய லேப்டாப்போ, படத்தின் வாசலில் ஒரு காப்பிச் செடி வைத்ததும் மூச்சு வாங்கியது. பத்துச் செடி வைத்ததும் விசில் அடித்தது. தோட்டம் வைத்ததும் மயங்கி விழுந்தது. அதன் பக்கவாட்டில் வந்த அனலில் உன் மச்சான் தன் ஈர மஃப்ளரைக் காயவைத்துக்கொண்டார், அது ஒன்றுதான் அதனால் கிடைத்த லாபம்.

அப்போதுதான் நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர் வேண்டும் என்று குடும்பக் குரூப்பில் நான் ஒரே ஒரு வரி போட்டேன். தம்பி, அந்த ஒரு வரியைப் போட்ட விரலை இன்றைக்கும் பார்த்துப் பார்த்துக் கோபப்படுகிறேன். நீ பச்சைப் பெட்டியில் வருகிற கம்பெனிதான் வாங்க வேண்டும், அதுவும் லேப்டாப்தான் என்றாய். என் கொழுந்தன் அஜ்மல், தன் ரீசார்ஜ் கடையில் ஆளில்லாத நேரமெல்லாம் கேம் விளையாடுகிறவன், சிவப்புப் பெட்டிக் கம்பெனிதான், அதுவும் டெஸ்க்டாப்தான் என்றான். கம்பெனிகளின் பெயரை இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன். அந்தப் பெயரைப் படித்தாலே உங்கள் இரண்டு பேருக்கும் ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. பச்சையின் வேகத்தைக் காட்ட நீ ஒரு கோடு ஏறுகிற படம் போட்டாய், அவன் அதைவிட உயரமாக ஏறுகிற கோடு போட்டான். பெரியம்மா பச்சைக்கு ஓட்டுப் போட்டார், காரணம் கேட்டதற்கு அந்த நிறத்தில் அவருக்கு ஒரு புடவை ராசியாக இருந்ததாம். உன் மாமனார் இரண்டு பக்கத்துக்கும் கட்டைவிரல் காட்டினார். யாரோ ஒருவர் நடுவில் வெள்ளிக்கிழமை வாழ்த்தாக ஜும்ஆ முபாரக் போட்டார், அதற்கும் அஜ்மல் "சிவப்புதான்" என்று பதில் போட்டான்.

நான் ஒதுங்கி இருந்து எல்லாவற்றையும் படித்துத் தெரிந்துகொண்டேன். கிராபிக்ஸ் கார்டு என்பது பெரிய விஷயமே இல்லை. கம்ப்யூட்டருக்குள் எப்போதும் ஒரு மூளை இருக்கிறது, அது வீட்டுச் சமையல் செய்கிற நம்மைப் போல. கணக்கு, கடிதம், பாட்டு எல்லாவற்றையும் அது ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்ளும். ஆனால் நிக்காஹ் விருந்து என்று வந்தால், ஊருக்கே பிரியாணி ஆக்குகிற பண்டாரியைக் கூப்பிடுகிறோம் இல்லையா, அந்தப் பண்டாரிதான் கார்டு. லேப்டாப்பில் இருப்பதும் அதே பெயருள்ள பண்டாரிதான், ஆனால் அவரைக் குளியலறை அளவு இடத்தில், ஜன்னல் இல்லாமல், சிம்மில் வைத்த அடுப்போடு நிற்க வைத்திருக்கிறார்கள். டெஸ்க்டாப்பில் அவருக்குக் கொல்லைப்புறமே கிடைக்கிறது. இதை நான் உன் மச்சானுக்கு விளக்கியபோது அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "அப்ப பிரியாணி எப்ப அமீனா?" என்று கேட்டார்.

பஸ் ஏறி சேலத்துக்கு வந்தோம், நானும் அவரும் பிள்ளையும். உனக்குச் சொல்லவில்லை. இது உனக்கு எவ்வளவு உறுத்தியது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கடை உன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி என்பதும் தெரியும். ஆனால் யோசித்துப் பார். உன்னைக் கூப்பிட்டால் அஜ்மலைக் கூப்பிடாமல் இருக்க முடியாது. இரண்டு பேரையும் ஒரே கடைக்குள் விட்டால் கடைக்காரர் போலீஸைக் கூப்பிட்டிருப்பார். நான் சமாதானத்துக்காகத்தான் ஒளிந்து வந்தேன்.

கடையில் தினேஷ் என்று ஒரு பையன், நல்ல மரியாதை தெரிந்தவன். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"ஏனுங்க தம்பி, பச்சை நல்லதுங்களா, சிவப்பு நல்லதுங்களா? ஒரே வார்த்தையில சொல்லிப் போடுங்க."

"ரெண்டுமே நல்லதுதானுங்க அக்கா. நீங்க என்ன வேலைக்கு வாங்கறீங்கங்கறதப் பொறுத்து இருக்குதுங்க."

"இப்படி ரெண்டு பக்கமும் தலையாட்டறவங்ககிட்ட நான் முருங்கைக்காய்கூட வாங்க மாட்டேனுங்க. சரி, கரண்டு நொம்பக் குடிக்குமா? சத்தம் போடுமா? மூடுபனி உள்ள வந்தா என்னாகும்?"

"மூடுபனியாங்க?"

"எங்க ஊட்டுக்குள்ள பனி வரும் தம்பி. சன்னலத் தொறந்து வெச்சா இந்த ரூமுல இருந்து அந்த ரூமு தெரியாது."

பாவம், அந்தப் பையன் உள்ளே போய் முதலாளியிடம், "அண்ணா, மூடுபனிக்கு வாரண்டி கவர் ஆகுங்களா?" என்று கேட்டது எங்களுக்கே கேட்டது. முதலாளி என்ன சொன்னார் என்று தெரியவில்லை, ஆனால் எங்களுக்கு டீ வந்தது.

உன் மச்சான் அதற்குள் கீபோர்டு ஒவ்வொன்றாகத் தட்டிப்பார்த்து, எதில் சத்தம் நன்றாக இருக்கிறது என்று தேர்வு செய்துகொண்டிருந்தார். நான் தினேஷிடம் பண்டாரி கதையை இரண்டாவது முறை சொல்ல ஆரம்பித்தபோதுதான் அஃப்சானா என் முந்தானையை இழுத்தாள்.

"அம்மா, ஒரு நிமிஷம். என் படத்த பென் டிரைவுல கொண்டாந்திருக்கேன். ரெண்டு கார்டுலயும் ஓட்டிப் பாத்துரலாமே."

"இத ஏன் கண்ணு முன்னாலயே சொல்லல?"

"யாரும் என்னயக் கேக்கவே இல்லயேம்மா."

தௌபீக், நியாயத்தை எழுதுகிறேன். குரூப்பில் அத்தனை பேர் அத்தனை நாள் சண்டை போட்டோமே, வேலை செய்யப்போகிறவள் அவள், அவளிடம் உனக்கு என்ன வேண்டும் என்று நீயும் கேட்கவில்லை, அஜ்மலும் கேட்கவில்லை, பெற்றவள் நானும் கேட்கவில்லை. அவள் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். கார்டுக்குள்ளேயே மெமரி அதிகமாக இருக்க வேண்டும், இலைகள் எல்லாம் அதில்தான் போய் உட்காருகிறதாம்.

தினேஷ் இரண்டிலும் ஓட்டிக் காட்டினான். எங்களுக்குக் கட்டுப்படியாகிற விலையில் இருந்த பச்சைக் கார்டு, விடுதியின் அறையை மட்டும் கொடுத்தபோது சட்டென்று முடித்துவிட்டது. சிவப்பு பின்னால்தான் வந்தது. இதை மறைக்காமல் எழுதுகிறேன், வேண்டுமானால் அடிக்கோடு போட்டுக்கொள். ஆனால் தோட்டத்தை முழுசாக ஏற்றச் சொன்னபோது பச்சையில் இடம் போதவில்லை. அதே விலையில் சிவப்பில் மெமரி கூடுதலாக இருந்ததால், அது நிதானமாகக் கடைசிச் செடிவரை ஏற்றிக்கொண்டது. "இது போதும்மா" என்றாள் பிள்ளை. நான் உடனே, "நான் நெனச்சதும் இதத்தான்" என்றேன். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அந்தப் பெட்டிக்கு ஜன்னலோர சீட் கொடுத்தோம். உன் மச்சான் நின்றுகொண்டு வந்தார். ஒவ்வொரு ஹேர்பின் வளைவிலும் அவர் பெட்டியைப் பிடித்தார், நான் அவரைப் பிடித்தேன். கண்டக்டர், "ஏனுங்க பாய், உள்ள குழந்தையா இருக்குது?" என்று கேட்டார். ஒண்டிக்கடையில் இறங்கும்போது அஜ்மல் மாலை போடாத குறையாக நின்றான், பெட்டியோடு போட்டோ எடுத்தான், அந்தப் போட்டோவைக் குரூப்பில் போட்டு, கீழே சிவப்பு இதயம் போட்டான். நாங்கள் சேலம் வந்து போனது உனக்கு அப்படித்தான் தெரிந்தது. அது தப்புத்தான். போட்டோ போட்டவன் தப்பு.

அடுத்து நடந்ததுதான் சோதனை. வீட்டில் ஒயர்களை மாட்டுவது மட்டும்தான் பாக்கி. முதல் ஒயரை பிஸ்மி சொல்லி நானே என் கையால் செருகினேன். மற்றதை அஃப்சானா மாட்டினாள். ஆன் செய்தால் தோட்டம் நகரவில்லை. பழைய லேப்டாப்பாவது மயங்கி விழுந்தது, இது விழாமல் நின்றபடியே தூங்கியது. பிள்ளை ஏதேதோ அழித்தாள், ஏற்றினாள், தினேஷுக்கு போன் போட்டாள். நான் செருகிய ஒயரை மட்டும் அவள் தொடவில்லை, அம்மா செருகியது என்கிற மரியாதை. பெங்களூர்க்காரர்கள் வேறு, படம் எப்போது வரும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். உன் மச்சான் பெங்களூரில் நல்ல ஹாஸ்டல் எது என்று யார் யாரிடமோ விசாரித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சளி என்றார்.

விஷயம் எப்படியோ உன் காதுக்கு வந்து, அந்த நேரம் பார்த்து நீ குரூப்பில் எழுதினாய்: "சொன்னேன். கேட்டால்தானே. இப்போது அந்தப் பெட்டியில் மிளகு போட்டு வைக்கலாம்." அதற்குக் கீழே உன் பிள்ளைகளின் படம் போட்ட ஸ்டிக்கர் வேறு சிரித்தது.

எனக்குக் கோபம் வந்தது. உனக்கு மட்டும் என்று நினைத்து ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். அது குரூப்புக்குப் போய்விட்டது. பொருள் வாங்குவதைப் பற்றி நீ பேசலாமா, உன் நிக்காஹுக்கு நீயே தேர்ந்தெடுத்த ஷெர்வானியும் மேடைத் திரையும் ஒரே நிறமாகப் போய், ஆல்பத்தில் ஒரு தலையும் இரண்டு கையும் மட்டும் தனித்தனியாக மிதக்கிறதே, அதைப் பார்த்துவிட்டுப் பேசு என்றேன். கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிட்டேன். உன் மாமனார் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு ஆல்பத்தை எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். அத்தோடு நீ குரூப்பை விட்டுப் போனாய், என்னையும் பிளாக் செய்தாய். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் மாமனார் வீட்டுக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டாம் என்று உன் மச்சான் சொல்கிறார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது, இனிமேல்தான் கவனமாகப் படிக்க வேண்டும். அன்றைக்கு அஃப்சானா விடுதி இடத்தை இன்னொரு முறை பார்க்கிறேன் என்று செம்மநத்தம் போயிருந்தாள். உன் மச்சானுடைய பிரஷர் மாத்திரை ஒன்று உருண்டு மேஜைக்குப் பின்னால் போய்விட்டது. அவர் பெட்டியை நகர்த்தியிருக்கிறார். ஒரு ஒயர் கழன்று கையோடு வந்துவிட்டது. மனுஷன் பயந்துபோய், கீழே காலியாகத் தெரிந்த ஓட்டையில் அதைச் செருகிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் கடையில் போய் உட்கார்ந்துகொண்டார். பிள்ளை வந்து ஆன் செய்தாள். தோட்டம் ஓடியது தௌபீக்! இலை இலையாக அசைந்தது. வாசலிலிருந்து அறைவரை வழுக்கிக்கொண்டு போனது.

"அத்தா! இத என்ன பண்ணீங்க?" என்று அவள் கத்தினாள்.

"நான் ஒண்ணும் பண்ணல சாமி. நான் அந்தப் பக்கமே போகல," என்றார் இவர், திருடன்போல எழுந்து நின்று.

"சரியாயிருச்சுத்தா! இப்பத்தான் சரியா ஓடுது!"

"அப்படியா? அப்ப நான்தான் பண்ணுனேன்."

விஷயம் என்னவென்றால், திரையின் ஒயரைச் செருக அந்தப் பெட்டியின் முதுகில் ஒரே மாதிரி இரண்டு இடம் இருக்கிறது. மேலே உள்ளது வீட்டுச் சமையல் செய்கிற அந்த மூளையோடு சேர்ந்தது, கீழே உள்ளதுதான் கார்டுக்கு உரியது. நான் மேலே செருகியிருக்கிறேன். கார்டு இத்தனை நாளும் வேலையே இல்லாமல் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. ஒரே மாதிரி இரண்டு ஓட்டை வைத்து, ஒன்றில் மட்டும் செருகு என்று எழுதாமல் விட்டால், யாராக இருந்தாலும் கைக்கு எட்டுகிற ஓட்டையில்தான் செருகுவார்கள். இதில் என் தவறு எங்கே இருக்கிறது, நீயே சொல். சிவப்பின் தவறும் இல்லை. பச்சை வாங்கியிருந்தாலும் அதே ஓட்டையில்தான் செருகியிருப்பேன்.

படம் பெங்களூருக்குப் போனது. அங்கிருந்து மேடம் ஒருவர் கூப்பிட்டு, தோட்டத்தில் பனி இறங்குவதை இவ்வளவு உயிரோடு எப்படிச் செய்தாய் என்று கேட்டாராம். ஜன்னலைத் திறந்து பார்த்துச் செய்தேன் என்றாளாம் நம் பிள்ளை. வேலை உறுதியாகிவிட்டது. வீட்டிலிருந்தபடியே. அன்று உன் மச்சானுக்குத் திரும்பவும் சளி பிடித்தது.

இப்போது ஒண்டிக்கடையில் கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் சொல்வதுதான். காப்பித்தூள் வாங்க வருகிறவர்கள் அப்படியே கேட்டுவிட்டுப் போகிறார்கள். கிளியூர் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் கருப்பண்ணன் தன் மகளுக்கு லேப்டாப் வாங்க வேண்டும், பச்சையா சிவப்பா என்று கேட்டார். "ஏனுங்க ரைட்டரே, அந்தப் புள்ளயக் கேட்டீங்களா?" என்றேன். கேட்கவில்லையாம். அடுத்த நாள் கூட்டிவந்தார். அந்தப் பெண் கல்லூரிக்கும் விடுதிக்கும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும், எழுத்து வேலைதான், கனமில்லாமல் இருந்தால் போதும் என்றாள். கார்டே வேண்டாம், லேசான லேப்டாப் வாங்கிக்கொள் என்று தீர்ப்புச் சொன்னேன். ரைட்டர் இரண்டு கையெடுத்துக் கும்பிட்டார். அஜ்மல்தான் சிவப்புக்கு ஒரு ஓட்டுப் போச்சே என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான்.

ஆகவே தம்பி, நான் எடுத்த முடிவு சரி, எடுத்த விதமும் சரி, டெஸ்க்டாப் வாங்கியதும் சரி. நீ இதையெல்லாம் ஒத்துக்கொண்டு, ஷிரினையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வர வேண்டியது. உன் மச்சான் தினமும் பஸ் வருகிற நேரத்துக்குக் கடை வாசலுக்கு வந்து நிற்கிறார், கேட்டால் காற்று வாங்குகிறேன் என்கிறார். இந்தக் குளிரில் யாருக்குக் காற்று வேண்டும்? வரும்போது உன் மாமனாருக்கும் மாமியாருக்கும் என் சலாம் சொல்லி, ஆல்பத்தில் முகம் நன்றாகவே விழுந்திருக்கிறது என்று நான் சொன்னதாகச் சொல். பிள்ளைகளுக்கு என் முத்தம். ஷிரினுக்குக் கொஞ்சம் மிளகு எடுத்து வைத்திருக்கிறேன். அல்லாஹ் உன் கோபத்தைக் குறைத்து, வருமானத்தில் ரிஜ்க்கைக் கூட்டி, உன்னையும் உன் குடும்பத்தையும் நீண்ட ஆயுளோடு வைப்பானாக, ஆமீன்.

உன் அக்கா,
அமீனா சையத் இப்ராஹிம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது அஃப்சானா வந்து ஒன்று சொன்னாள். பெங்களூர் கம்பெனி புது ஏற்பாடு செய்திருக்கிறதாம். கனமான படவேலை எல்லாம் இனிமேல் அங்கே அவர்களுடைய பெரிய மெஷினிலேயே ஓடும். இவள் இங்கிருந்து நெட் வழியாகச் சொன்னால் போதும், அதற்கு அந்தப் பழைய லேப்டாப்பே தாராளமாம். பச்சையும் வேண்டாம், சிவப்பும் வேண்டாம். புதுப் பெட்டியில் இப்போது அஜ்மல் கேம் விளையாடிக்கொண்டிருக்கிறான். உன் மச்சான் மஃப்ளரை எடுத்துக்கொண்டு லேப்டாப் பக்கம் போய்விட்டார். எந்த நெட் வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை, நீ வந்து சொல்லாமல் வாங்கமாட்டேன். திரும்ப எழுத நேரமில்லை, தபால் எடுக்க வந்துவிடுவார்கள். அதனால் மேலே நான் சரி என்று எழுதியிருக்கிற இடங்களையெல்லாம் நீயே பேனாவால் அடித்துவிட்டுப் படி. அடித்துக்கொண்டே வந்தால் சலாமும் துவாவும்தான் மிஞ்சும் என்று நினைக்கிறேன். மிஞ்சட்டும். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு.